வலது கன்னம்

தொள்ளாயிரம் யூரோவுக்கு வந்தது.
எண்பத்தாறாம் வருடத்து ரெனோ வேன்,
கத்ரெல் என்பார்கள் இங்கே, செல்லமாக.
பெர்ப்பிஞானில், ரயில் பாலத்துக்குப் பின்னால்,
மூக்கைக் கிழக்கே நீட்டி
பத்தொன்பது கோடை ஒரே சுவரோரம் நின்றது.
சுவர்ப் பக்கம் இன்னும் நீலம்.
தெற்குப் பக்கம்
நாலு பிள்ளைகள் மாறி மாறிப் போட்ட சீருடைச் சட்டை.
தடவினேன். விரலில் சுண்ணாம்பாய் வந்தது.

நான் பல் செய்கிறவள்.
முன்பின் தெரியாதவர்கள் வாய்க்குள் போகும் பற்களை
நுரைக்கல் பொடியில் மினுக்குவது பிழைப்பு.
கார் வேறு, பல் வேறு, என்றாள்
பக்கத்து மேசை மிரேய்.
இரண்டும் எனாமல்தானே, என்றேன்.
அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்தேன்.
உள்ளே
வெயில் துழாவிக் கண்டுபிடிக்காத
உள்ளங்கையளவு நீலம்.
அதுதான் சாட்சி.
இனி அந்த நிறத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

கழுவினேன். களிமண் கட்டியால் உருட்டினேன்,
பாலத்து ரயில்கள் உதிர்த்த இரும்புத் துகள்
கட்டிக்குள் மிளகாய்க் குத்தியது.
கதவில் ஒரு சாண் சதுரம், நாலு பக்கமும் நாடா.
இரண்டாயிரம் நம்பர் தாள், தண்ணீர்,
பிறகு பசை, பிறகு துணி.
துணி நீலமானது.
மேலே கண்ணாடிப் பூச்சு இல்லாத காலத்து வண்டி;
தேய்ப்பவள் கையில் தன்னையே கொஞ்சம் கொடுத்துத்தான்
பளபளக்கும்.

விளிம்பில் அவசரப்பட்டேன்.
கதவு மடியும் இடத்தில்
சாம்பல் நிற அடிப்பூச்சு,
விழுந்த பிள்ளையின் முழங்கால் போல.
ஒன்றும் செய்ய முடியாது.
எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் சனிக்கிழமை எழுத்துக்கள் தெரிந்தன.
எப்போதோ உரித்தெடுத்த ஸ்டிக்கர்;
அது மூடியிருந்த இடம் மட்டும் நிறம் குறையாமல்
பீச், அப்ரிகோ, ஓர் ஆறு இலக்க எண்.
சுற்றிலும் வெளுப்பைத் தேய்க்கத் தேய்க்க
எழுத்துக்கள் நீலத்துக்குள் இறங்கின.
பீச் போய்விட்டது.
அப்ரிகோவின் தலைப்பில் கை நின்றது.
யாருடைய பிழைப்பையோ அழிக்கிறேனோ
என்று ஒரு கூச்சம்.

அந்த நேரம் பார்த்து
முசியே புய்ச் வந்தார், விற்றவர்,
மறந்துபோன சக்கர மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
கதவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.
மன்னிக்கணும், என்று தொடங்கினேன்.

மச்சினன் ஒட்டினது, என்றார்.
பாரும்மா, அப்ரிகோவில் ஒரு எழுத்து அதிகம்.
சந்தை முழுக்கச் சிரித்தது.
சிரித்துவிட்டு இரண்டு கிலோ வாங்கிப் போனது.
காசு கேட்பான் என்று பயந்து
திருத்தாமலே விட்டேன்.

சட்டைக் கையை மடித்தார்.
அந்த அதிக எழுத்தை நான் அழிக்கிறேன், கொடு.
கொடுத்தேன்.
வட்டமாகத் தேய்க்காதீங்க, நேராக, என்றேன்.
வட்டமாகவே தேய்த்தார்.

இப்போதும் சாய்வெயிலில் பார்த்தால்
அங்கே மட்டும் சிலந்தி வலை மாதிரி கீறல்.
இன்னொரு முறை மினுக்கினால் போய்விடும்.
பூச்சு மெலிந்திருக்கிறது, இருக்கட்டும்.

மெழுகு இட்டு முடித்த மாலை
வடமேற்கிலிருந்து திரமொந்தான் அடித்தது,
மணல் பறக்குமுன் வண்டியை எடுத்தேன்.
அதே சுவர், அதே இடம்.
இந்த முறை மூக்கை மேற்கே வைத்து நிறுத்தினேன்.

வரும் கோடைகளை
இடது கன்னம் வாங்கிக்கொள்ளட்டும்.